பெருவாளுக்கு எத்தனை கை

கும்பகோணத்தில் தில்லைநாயகி என்று ஒரு பல் டாக்டர். கைராசிக்காரர். ஒரு நோயாளி எழுந்து போய் அடுத்தவர் வந்து உட்காருவதற்குள் கிடைக்கிற இடைவெளியில், கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு விளையாடுவார். அந்த விளையாட்டுக்குள்ளே ஒரு மலை. மலைமேல் ஒரு கோட்டை. கோட்டைக்குள்ளே முழங்கால் உயரத்தில் கொஞ்சம் ஜனங்கள். நம் கதை அந்த ஜனங்களைப் பற்றியது. டாக்டரை விட்டுவிடுவோம், அவருக்கு வேலை இருக்கிறது.

கோட்டைக்குப் பெயர் மொட்டைப்பாறை. நடு முற்றத்தில் வழவழவென்று ஒரு பெரிய பாறை நிற்கும். டாக்டர் கும்பகோணத்தில் எதைத் தட்டுகிறாரோ அது இங்கே பாறைமேல் எழுத்தாக வந்து விழும். யார் அனுப்புகிறார்கள் என்று கோட்டைக்காரர்களுக்குத் தெரியாது. மேலேயிருந்து வருவதால் மேலிடம் என்று சொல்லிக்கொண்டார்கள். மேலிடத்து உத்தரவு என்றால் அதற்கு அப்பீல் கிடையாது. சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடுவார்கள். அதில்தான் வந்தது வினையெல்லாம்.

ஒருமுறை மேலிடம், 'கோட்டைக் கதவை மூடுங்கள்' என்று எழுதியது. அன்றைக்கே வீட்டுக்கு வீடு கம்பளி வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்து, கதவின்மேல் போர்த்தி மூடினார்கள். கதவு திறந்துதான் கிடந்தது, ஆனால் மூடியிருந்தது. குளிர்காலம் முழுக்க ஜனங்கள் பல் கிட்டிக்க நடுங்கினார்கள். கதவு மட்டும் கதகதப்பாக இருந்தது.

பாறையில் விழுவதை வாசித்துச் சொல்வது வெள்ளச்சியின் வேலை. கோட்டையில் எழுத்துக் கூட்டத் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். கண் கொஞ்சம் மங்கல். தெரியாத எழுத்து வந்தால் தெரிந்த எழுத்தைப் போட்டு வாசித்துவிடுவாளே தவிர, திக்கித் திணறி நிற்கிற வழக்கம் அவளிடம் இல்லை.

அந்தக் கோட்டைக்கு ஒரே ஒரு எருமை. பெயர் ராசாத்தி. அவளை வளர்த்தவன் மாயழகு. பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் இல்லாதவன். காலையில் கண் திறந்தால் ராசாத்தி முகத்தில்தான் விழிப்பான். அவள் 'ம்மா' என்றால் இவன் "இதோ வந்துட்டேன்" என்பான். அவள் சும்மா இருந்தால் "என்னம்மா கோவமா?" என்பான். கோட்டை முழுக்கப் பால், தயிர், மோர் எல்லாம் அவள் புண்ணியத்தில்தான். அவளைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னால் அன்றைக்கு அவர் வீட்டு மோர் தண்ணீராக இருக்கும்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் பாறையில் எழுத்து விழுந்தது. வெள்ளச்சி கண்ணை இடுக்கிக்கொண்டு வாசித்தாள்.

"பூதம் வருகிறது. அதுக்கு எருமைன்னா உயிர்."

எல்லோரும் கோட்டைத் தலைவர் ஒச்சப்பனைப் பார்த்தார்கள். முழங்கால் உயர ஜனங்களிலும் அவர் கணுக்கால் உயரம். ஆனாலும் தலைவர் என்பதால் எல்லோரும் அவரைப் பெரியவர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உயிருன்னா நல்லதுதானே?" என்றார் ஒச்சப்பன். "மாயழகு, நீ என்ன சொல்ற?"

மாயழகுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. "எனக்கும் ராசாத்தின்னா உயிருதான் பெரியவரே. அப்ப பூதமும் நம்மள மாதிரி ஆளுதான். வரட்டும். காலையில நான் தண்ணி காட்டுறேன், சாயங்காலம் பூதம் காட்டட்டும். எனக்கும் ஒத்தாசையா இருக்கும்."

தொழுவத்தைக் கூட்டிப் பெருக்கி, பூதம் உட்கார ஒரு முக்காலியும் போட்டு வைத்தான். மறுபடி எழுத்து விழுந்தபோது வெள்ளச்சி கூப்பிடாமலே முதல் ஆளாகப் போய் நின்றான்.

"எருமையை ஒரே வாயில் தின்றுவிடும்," என்று வாசித்தாள் வெள்ளச்சி.

மாயழகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு அவனுக்குக் கூழ் இறங்கவில்லை. ராசாத்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "உன்னைக் குடுப்பேனாம்மா, குடுப்பேனா," என்று அழுதான். அவள் அவன் துண்டை மென்றுகொண்டிருந்தாள்.

மேலிடம் அவர்களைக் கைவிடவில்லை. அடுத்த உத்தரவு உடனே வந்தது. 'ஆளுக்கொரு வாள் எடுங்கள்.' வெள்ளச்சி அதை வாளி என்று வாசித்தாள். கொஞ்ச நேரத்தில் கோட்டை ஜனம் அத்தனையும் ஆளுக்கொரு வாளியோடு முற்றத்தில் அணிவகுத்து நின்றது. வாளி இல்லாதவர்கள் குடத்தோடு வந்து, கூச்சப்பட்டுப் பின்வரிசையில் நின்றார்கள்.

கும்பகோணத்தில் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, 'வாளி அல்ல, வாள்' என்று தட்டினார்.

வெள்ளச்சி வாசித்தாள். "வாளி, நல்ல வாள்."

"பாத்தீங்களா," என்றார் ஒச்சப்பன். "மேலிடமே பாராட்டுது. யாரும் வாளியைக் கீழ வைக்காதீங்க."

ஆனால் மாயழகுக்கு மட்டும் உறுத்தியது. பூதத்தை வாளியால் என்ன செய்ய முடியும்? தண்ணி மோந்து குடுக்கலாம். அதுக்கு அப்புறம்? அவன் யோசித்து யோசித்து, "பெரியவரே, ஆயுதக் கொட்டடியில நிஜமாவே ஒரு வாள் கிடக்கே," என்றான்.

கிடந்தது. எந்தக் காலத்திலோ மலை மாதிரி ஒரு மனிதன் மறந்து விட்டுப்போன பெருவாள். அது இருந்த இடத்திலேயே, அதைச் சுற்றித்தான் கொட்டடியைக் கட்டியிருந்தார்கள். அளவு பத்தாமல் வாளின் நுனி சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் துணி காயப்போடுவார்கள். துணியை எடுத்துவிட்டு எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

டாக்டருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. ஒழுங்காகச் சொல்லித் தருவோம் என்று முறைப்படி விளக்கத் தொடங்கினார். வெள்ளச்சியும் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தாள். அதிசயம்தான்.

"பெருவாள். உடம்பு பெரிதானால் ஒரு கை போதும். உடம்பு சிறிதானால் இரண்டு கை வேண்டும். அதற்கும் சிறிதானால்..."

அங்கே நின்றுவிட்டது. கும்பகோணத்தில் கடைவாய்ப் பல்லில் ஓட்டையோடு ஒரு தவில்காரர் உள்ளே வந்துவிட்டார். மேலிடம் அவர் வாய்க்குள் போய்விட்டது.

"அதற்கும் சிறிதானால் என்ன?" என்று கேட்டார் ஒச்சப்பன்.

"இதுகூடவா தெரியல," என்றாள் வெள்ளச்சி. "ஒண்ணு, ரெண்டு சொல்லியாச்சு. அடுத்தது மூணு. அதுக்கும் சின்ன ஆளுன்னா நாலு. மேலிடம் நம்மள நம்பி விட்டிருக்கு."

எல்லோரும் தலையாட்டினார்கள். இவ்வளவு தெளிவான சட்டத்தை அவர்கள் அதுவரை கேட்டதில்லை.

"அப்ப பெரிய உடம்பு யாரு?" என்று கேட்டான் மாயழகு. அவனுக்கு அவசரம். பூதம் எந்த நேரமும் வரலாம்.

"இதுல என்ன சந்தேகம்? பெரியவர் நான்தான்," என்றார் ஒச்சப்பன்.

மறுக்க வழியில்லை. ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. அவர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு, மறு கையால் பெருவாளின் பிடியைத் தொட்டார். பிடியே அவர் தலைக்கு மேலே இருந்தது. முக்கினார். முனகினார். வாள் அசையவில்லை, அவர்தான் அசைந்தார். கடைசியில், "வாளுக்கு மரியாதை தெரியல," என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து, "நான் தூக்கிப் பாக்கட்டுமா?" என்று ஒரு குரல் வந்தது. கோட்டையிலேயே நெட்டையான, கட்டுமஸ்தான ஆள். நெல் மூட்டையைத் தலையணை மாதிரி தூக்குகிறவன். அவன் பெயர் குட்டி.

"நீ குட்டி," என்றார் ஒச்சப்பன். "பேரைச் சொன்னாலே தெரியுதே. பெரிய வாளைக் குட்டிகிட்ட குடுத்தா மேலிடம் என்ன நினைக்கும்?"

"ஆமா, அது நியாயம்தான்," என்று குட்டி தலையைக் குனிந்துகொண்டான்.

இந்த விவாதம் வெகு நேரம் நடந்தது. தவில்காரர் பல்லை அடைத்துக்கொண்டு எழுந்ததும் மேலிடம் திரும்பி வந்து, கொஞ்சம் கடுப்போடு ஒரு வரி எழுதியது. 'பேரும் வயசும் அளவு இல்லை. உடம்பு எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அதுதான் அளவு.'

இதைக் கேட்டதும் மாயழகுக்குப் பொறி தட்டியது. "எனக்குத் தெரியும். ராசாத்தி குளத்துல இறங்கினா தண்ணி ஏறும். அவ எவ்வளவு இடத்தை அடைக்கிறாளோ அவ்வளவு தண்ணி. அண்டா நிறையத் தண்ணி ஊத்தி ஒவ்வொரு ஆளா இறங்குவோம். வழியுற தண்ணியை வாளியில பிடிச்சா அதான் அளவு. வாளி எல்லார்கிட்டயும் இருக்கு."

வாளி ஏன் நல்ல வாள் என்று அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. மேலிடத்தின் தொலைநோக்கை நினைத்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றார்கள்.

சமையல்கட்டு அண்டாவைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். முதலில் ஒச்சப்பன். தலைவர் வெறும் உடம்போடு இறங்குவது மரியாதை இல்லை என்று தலைப்பாகை, செருப்பு, மேல்துண்டு, குடை எல்லாவற்றோடும் இறங்கினார். நிறைய வழிந்தது. அடுத்து வெள்ளச்சி. அவளுக்கு மூக்கில் தண்ணீர் போனால் ஆகாது என்று கழுத்துவரைதான் முங்கினாள். வந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு வெள்ளச்சிக்குத் தலை இல்லை என்று தீர்மானமாயிற்று. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குட்டி வந்தான். அண்டாவுக்குள் அவன் இடுப்பு மட்டும்தான் கொண்டது. கால் இரண்டும் ஒரு பக்கம், தலையும் தோளும் இன்னொரு பக்கம் என்று வெளியே தொங்க, நடுவில் உட்கார்ந்திருந்தான். வழிந்த தண்ணீர் ஒரே ஒரு செம்புதான். கரித்துண்டால் சுவரில் கோடு போட்டுப் பார்த்ததில், மொட்டைப்பாறைக் கோட்டையிலேயே ஆகச் சின்ன ஆள் குட்டிதான் என்று தெரியவந்தது.

"எங்கம்மா சரியாத்தான் பேரு வச்சிருக்கு," என்றான் குட்டி, கண் கலங்கி.

பெரியவரை வாள் மதிக்கவில்லை, குட்டியே தூக்கட்டும் என்றால் அவ்வளவு சின்ன ஆளுக்கு ஆறு கையாவது வேண்டும் என்று கணக்காயிற்று. அவனிடம் இரண்டுதான் இருந்தது. ஒச்சப்பனும் வெள்ளச்சியும் ஆளுக்கு இரண்டு கை கொடுத்தார்கள். பிடியில் இரண்டு கைக்குத்தான் இடம் இருந்ததால் மற்றவர்கள் குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வாள் மேலே எழும்பி வந்தது. வந்தது யாரால் என்று யாரும் கேட்கவில்லை. ஒச்சப்பன் வலது பக்கம் போகலாம் என்றார். வெள்ளச்சி இடது பக்கம் இழுத்தாள். குட்டி இரண்டு பேர் பேச்சையும் தட்டக்கூடாது என்று நின்ற இடத்திலேயே சுற்றினான். வாளும் சுற்றியது. கொட்டடிச் சுவர் போயிற்று. கூழ்ப்பானை போயிற்று. ஒச்சப்பன் காற்றில் பறந்து, கதவுக்குப் போர்த்தியிருந்த கம்பளியில் போய் விழுந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கதவைப் போர்த்தி வைத்தது எவ்வளவு நல்லது பாருங்கள் என்று விழுந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"ஆறு கையும் ஆபத்து," என்றாள் வெள்ளச்சி மூச்சு வாங்கிக்கொண்டே. "கை குறையணும். கை குறையணும்னா உடம்பு பெருசாகணும்."

"சின்ன உடம்புக்கு ரெண்டு கை. பெரிய உடம்புக்கு ஒரு கை," என்று ஒச்சப்பன் விரல் விட்டு எண்ணினார். "அதைவிடப் பெரிய உடம்புக்கு?"

"கையே வேண்டாம்," என்றான் குட்டி.

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். சின்ன ஆளாக இருந்தாலும் என்ன மூளை.

"நம்ம கோட்டையில கையே இல்லாத பெரிய உடம்பு யாருக்கு இருக்கு?" என்று கேட்டார் ஒச்சப்பன்.

மாயழகுக்கு முன்னமே பதில் தெரிந்துவிட்டது. எல்லோரும் தொழுவத்தின் பக்கம் பார்த்தார்கள். ராசாத்தி அவன் துண்டின் மிச்சத்தை மென்றுகொண்டிருந்தாள்.

"வேண்டாம் பெரியவரே. பூதத்துகிட்டயிருந்து அவளைக் காப்பாத்தத்தான் இவ்வளவு பாடும். அவளையே சண்டைக்கு அனுப்புறதா? அவளுக்குக் கை கிடையாது."

"அதைத்தானே நாங்களும் சொல்றோம்."

"அவளுக்கு வாள் பிடிக்கத் தெரியாது."

"பிடிக்கிறதுக்குத்தான் கை வேணும். அவ பிடிக்கவே வேண்டாம்."

மாயழகு எங்கெங்கோ போய் யோசித்துப் பார்த்தான். தப்பு எங்கேயோ இருக்கிறது என்று நெஞ்சு சொல்லியது, ஆனால் எங்கே என்று சொல்லவில்லை. சட்டம் மேலிடத்துச் சட்டம். கடைசியில், "முறைப்படி அளந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க," என்று மட்டும் கெஞ்சினான். அளவில் குறைந்துவிடமாட்டாளா என்று ஒரு நப்பாசை. காலையிலிருந்து அவள் சரியாகத் தின்னவில்லை, துண்டைத் தவிர.

அண்டாவில் ராசாத்தியின் ஒரு கால்தான் கொள்ளும். கோட்டைக்கு வெளியே உள்ள குளத்தில்தான் அளக்க வேண்டும். குளமோ ததும்பவில்லை, கரைக்குக் கொஞ்சம் கீழே நின்றது. வாளிக்காரர்கள் மேற்குக் கரையில் மோந்து மோந்து கிழக்குக் கரையில் கொண்டுவந்து ஊற்றினார்கள். இவ்வளவு ஊற்றியும் ஏறவில்லையே, குளம் ரொம்ப ஆழம்போல என்று பேசிக்கொண்டார்கள். நல்லவேளையாக ஒரு மழை வந்து நிரப்பிவிட்டுப் போனது. ராசாத்தி யாரும் சொல்லாமலே இறங்கி, மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு சுகமாகப் படுத்தாள். பெருவாளை உருட்டி வந்து கரையில் போட்டார்கள்.

"இப்ப ராசாத்தி முறை," என்று அறிவித்தாள் வெள்ளச்சி.

அந்த நேரத்தில்தான் பூதம் வந்தது.

மரங்களுக்கு மேலே தலை தெரிந்தது. பிறகு மரங்களை விலக்கிக்கொண்டு உடம்பு வந்தது. வெயிலில் நடந்து வந்ததால் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. மாயழகு ஓடிப்போய்க் குளத்துக்கும் பூதத்துக்கும் நடுவில் கையை விரித்து நின்றான். பூதத்தின் கட்டைவிரல் நகத்தை மறைக்கிற அளவுக்கு நின்றான்.

"எருமை எங்க?" என்று கேட்டது பூதம்.

ஒச்சப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். தலைவர் என்று ஒருவர் இருப்பது இதற்குத்தானே. "ஐயா பூதத்தாரே, நாங்க சும்மா இருக்கமாட்டோம். ஒரு கை பாத்துருவோம்."

பூதம் ஒன்றும் புரியாமல் குனிந்து ஒரு கையை நீட்டியது. குளத்தங்கரைக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இருந்தது கை. கோட்டை ஜனம் அதைச் சுற்றி நடந்து, ரேகையெல்லாம் பார்த்தது. வெள்ளச்சி ஆயுள் ரேகை கெட்டி என்றாள்.

"பாத்தாச்சா?" என்றது பூதம். "இன்னொரு கையும் காட்டட்டுமா?"

"வேண்டாம். ஒரு கைன்னுதான் சொன்னோம்," என்றார் ஒச்சப்பன். "சொன்ன வார்த்தை மாறமாட்டோம்."

பூதம் கரையில் கிடந்த பெருவாளைப் பார்த்தது. இரண்டு விரலால் எடுத்தது. இத்தனை பேர் உயிரை வாங்கிய வாள் அதன் விரலிடுக்கில் ஈர்க்குச்சி மாதிரி இருந்தது. வழியில் தின்ற பன்றி ஒன்று பல்லில் மாட்டியிருந்ததால், வாளை விட்டுப் பல்லைக் குத்த ஆரம்பித்தது.

கும்பகோணத்தில் இதைப் பார்த்த டாக்டருக்குக் கோட்டை, போர், எருமை எல்லாம் மறந்துவிட்டது. தன்னை அறியாமல் தட்டினார். 'இரும்பால் பல்லைக் குத்தாதே. ஈறு கெட்டுப்போகும்.'

வெள்ளச்சி கோட்டைக்குள் ஓடி, பாறையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். பூதம் சட்டென்று வாளைக் கீழே வைத்துவிட்டது. "மேலிடமா சொல்லுது? நானும் இந்த மலையிலதானே இருக்கேன். சொன்னா கேட்டுத்தானே ஆகணும். சரி, எருமையைக் குடுங்க, பசிக்குது."

மாயழகு கும்பிட்டுக் கேட்டான். "ஐயா, எங்க ராசாத்தியை விட்டுடக்கூடாதா? வேற ஏதாவது தின்னக்கூடாதா?"

"அதெல்லாம் முடியாது தம்பி. பெருசு சின்னதைத் தின்னணும். மேலிடம் அப்படித்தான் வச்சிருக்கு."

"அப்ப நீங்க பெருசுன்னு யாரு அளந்தது?" என்றார் ஒச்சப்பன்.

பூதம் யோசித்தது. அதை அதுவரை யாரும் அளந்ததில்லை. "அதுவும் சரிதான்," என்றது.

"இங்க அளவெடுப்புத்தான் நடந்துக்கிட்டிருக்கு. ராசாத்தி முறை முடிஞ்சதும் உங்க முறை. வரிசையில நில்லுங்க."

பூதம் வரிசையில் நின்றது. குட்டிக்குப் பின்னால் நின்றது. ஆனால் வெயில் தாங்கவில்லை. குளத்துத் தண்ணீரைப் பார்க்கப் பார்க்க அதற்கு உடம்பு எரிந்தது. "கொஞ்சம் உக்காந்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு, தன் முறை வருவதற்குள் குளத்துக்குள் உட்கார்ந்துவிட்டது.

குளத்துத் தண்ணீர் மொத்தமும் எழும்பிக் கரை தாண்டியது. வாளியெல்லாம் நிரம்பியது, குடமெல்லாம் நிரம்பியது, வாளிக்காரர்களே மிதந்தார்கள். ஒச்சப்பன் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு ஒரு கொடுக்காப்புளி மரத்தில் தொற்றினார். மாயழகு "ராசாத்தி, ராசாத்தி" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு தண்ணீருக்குள் பாய்ந்தான். பாய்ந்த இடத்தில் தண்ணீர் இல்லை, சேறுதான் இருந்தது. சேற்றிலிருந்து முகத்தை எடுத்துப் பார்த்தால், ராசாத்தி பூதத்தின் மடியில் படுத்திருந்தாள். அதன் வேட்டி நுனியை மென்றுகொண்டிருந்தாள்.

மாயழகு அழுதுகொண்டே சிரித்தான். அவனுக்கு அவள் மூச்சு விடுவது ஒன்று போதும்.

தண்ணீர் வடிந்ததும் ஒச்சப்பன் மரத்திலிருந்து இறங்கி வந்தார். "இது யாரு முறையில வழிஞ்ச தண்ணி?"

"ராசாத்தி முறை," என்றாள் வெள்ளச்சி.

"அப்ப ராசாத்தி பேருலயே கோடு போடு."

வெள்ளச்சி கரித்துண்டை எடுத்துக்கொண்டு கோட்டைச் சுவரின் அடியிலிருந்து கோடு இழுத்தாள். கை எட்டாத இடத்தில் குட்டி தோளில் ஏறி இழுத்தாள். சுவர் முடிந்துபோயிற்று, கோடு முடியவில்லை. குளத்தைவிட ராசாத்தி பெரிசு என்று எல்லோருக்கும் உறுதியாயிற்று. மாயழகு வாயைப் பிளந்தான். தினமும் பக்கத்தில் நின்று பால் கறக்கிறவனுக்கே இது தெரியாமல் போயிற்றே.

"அடுத்தது பூதத்தார் முறை," என்றாள் வெள்ளச்சி. "எந்திரிச்சு மறுபடியும் உக்காருங்க."

பூதம் ராசாத்தியைப் பத்திரமாகக் கரையில் இறக்கிவிட்டு, எழுந்து, மறுபடி உட்கார்ந்தது. குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒன்றும் வழியவில்லை. வாளியைக் காட்டிக்கொண்டு நின்றவர்கள் வெறும் வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்கள்.

வெள்ளச்சி சுவரில் கோடே போடவில்லை.

"என்ன வந்துச்சு?" என்று கேட்டது பூதம்.

ஒச்சப்பனுக்கே சொல்லச் சங்கடமாக இருந்தது. "மனசைத் தேத்திக்கங்க. ஒண்ணுமே வரல."

"ஒண்ணுமேவா?"

"எனக்காவது ஒரு செம்பு வந்துச்சுண்ணே," என்று குட்டி ஆறுதலாகச் சொன்னான். தன்னைவிடச் சின்னவன் ஒருவன் கிடைத்ததில் அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

பூதத்தின் உதடு துடித்தது. "இவ்வளவு நாளா நான் பெருசுன்னு நினைச்சுக்கிட்டுத் திரிஞ்சேனே. அதான் எங்க போனாலும் யாரும் 'வா'ன்னு கூப்பிடல. கண்ணுக்கே தெரிஞ்சிருக்கமாட்டேன்." பிறகு ராசாத்தியைப் பார்த்தது. சுவரில் முடியாத கோட்டைப் பார்த்தது. அதன் முகம் வெளிறிப்போயிற்று. குரலைத் தாழ்த்தி மாயழகிடம் கேட்டது. "பெருசு சின்னதைத் தின்னும்ல? அவ என்னைத் தின்னுடுவாளா?"

மாயழகு நல்ல மனசுக்காரன். "வைக்கோல்தான் தின்னுவா. எப்பவாவது துணி தின்னுவா."

பூதம், அவள் மென்று கிழித்த தன் வேட்டி நுனியைப் பார்த்தது. அதற்குமேல் அங்கே இருக்க அதற்குத் தைரியம் வரவில்லை. ஒளிந்துகொள்ள இடம் தேடி, சின்ன ஆள்தானே என்று பக்கத்திலிருந்த ஒரு வாளிக்குள் நுழையப் பார்த்தது. காலின் சுண்டுவிரல் நுனி மட்டும் நுழைந்து மாட்டிக்கொண்டது. வாளியோடு நொண்டி நொண்டி மலையிறங்கி ஓடியது. அந்த வாளிச் சத்தம் வெகு தூரத்துக்குக் கேட்டது. வாளி நல்ல வாள்தான் என்று எல்லோரும் ஒருமுறை சொல்லிக்கொண்டார்கள்.

மாயழகு ராசாத்தியை முத்தமிட்டு, மஞ்சள் பூசி, ஊர்வலமாக வீட்டுக்குக் கூட்டிவந்தான். தொழுவ வாசலில்தான் பிரச்சினை வந்தது.

"குளத்தைவிடப் பெரிய எருமை," என்றார் ஒச்சப்பன். "இந்த வாசல்ல எப்படி நுழைவா?"

சுவரை இடிப்பதைத் தவிர வழியில்லை என்று முடிவாயிற்று. எல்லோரும் கடப்பாரை எடுக்கப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் ராசாத்தி உள்ளே தன் இடத்தில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு போயிருப்பாள் என்றான் குட்டி. போனவள் போய்விட்டாள், ஆனால் இனி வெளியே வரமுடியாது என்றார் ஒச்சப்பன். மாயழகுக்கு அது துக்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. இனி எந்தப் பூதமும் அவளைக் கொண்டுபோக முடியாதல்லவா. மேலிடமும், 'நல்லது. தொழுவத்துக் கதவையும் மூடுங்கள்' என்று எழுதியது. கோட்டைக் கதவின் கம்பளியில் பாதியை வெட்டி வந்து தொழுவத்துக் கதவையும் மூடினார்கள்.

மறுநாள் காலையில் கம்பளியை முட்டிக்கொண்டு ஒரு எருமை வெளியே வந்து, மாயழகின் தோளை நக்கியது. அவன் அதை மேலும் கீழும் பார்த்தான். கொம்பு ராசாத்தி கொம்பு மாதிரியே இருந்தது. நெற்றிச் சுழியும் அதே மாதிரி. ஆனால் வாசலில் நுழைந்து வந்துவிட்டதே. அப்படியானால் இது அவள் இல்லை. அவள் தங்கச்சியாக இருக்கலாம். சின்ன ராசாத்தி என்று பெயர் வைத்தான். கறந்து பார்த்தான், பால் கூட ஒரே ருசி. அன்றிலிருந்து அவன் வைக்கோலை இரண்டு கட்டாகக் கட்டி, ஒன்றை வெளியே போட்டுவிட்டு, இன்னொன்றை இருட்டுக்குள் வைத்துவிட்டு வருவான். இரண்டும் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். உள்ளே யாரும் தென்படமாட்டார்கள். பெரிய உடம்பு, ஒரே பார்வையில் எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொள்வான்.

ஒரு நாள் பாறையில் மேலிடம் எழுதியது. வெள்ளச்சி வாசித்தாள். "எருமை, ஒன்று."

"ரெண்டுன்னுல வரணும்?" என்றார் ஒச்சப்பன். மேலிடம் தப்பாக எழுதி அவர் பார்த்ததில்லை.

மாயழகு சிரித்தான். "மேலிடத்தைக் குத்தம் சொல்லாதீங்க பெரியவரே. நாமதான் கதவை மூடி வச்சிருக்கோமே, உள்ள இருக்கறது அவங்களுக்கு எப்படித் தெரியும்?" பிறகு வைக்கோலைப் போட்டு, சின்ன ராசாத்தியின் காதோரம் குனிந்து, "சத்தம் போடாம தின்னு. அக்கா உள்ள தூங்குறா," என்றான்.